மோட்டார் ஓடும் நேரத்தில் முடிதிருத்தம்

கூரியரில் வந்த அட்டைப் பெட்டிக்குள் சார்ஜ் ஏற்றி ஓட்டும் முடிவெட்டும் மெஷின் ஒன்றும், அதன் முனையில் மாட்டுவதற்கு எண் பொறித்த நான்கு பிளாஸ்டிக் சீப்புகளும், சுண்டுவிரல் அளவில் ஓர் எண்ணெய்க் குப்பியும், பிளேடைத் துடைக்க ஒரு சின்ன பிரஷ்ஷும் இருந்தன. கழுத்தைச் சுற்றிக் கட்டும் கறுப்புத் துணியையும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலையும் தனியாக வாங்கியிருந்தேன். எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பி வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவற்றில் எதை அண்ணன் பொறுத்துக்கொள்வான் என்பது மட்டுமே எனக்கு இருந்த கேள்வி.

அண்ணனுக்கு வயது முப்பத்தாறு. பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் குறை; ஏழெட்டுச் சொற்கள் பேசுவான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்பா அவனை இண்டூரில் உள்ள சலூனுக்குக் கூட்டிச் செல்வார். அங்கே அப்பா அவன் கால்கள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். முறைக்குக் காத்திருப்பவர்களில் இருவர் எழுந்து வந்து ஆளுக்கொரு கையைப் பிடிப்பார்கள். கடைக்காரர், அவர் நல்ல மனிதர், முடிந்தவரை சீக்கிரமாக வெட்டி முடிப்பார். வீடு திரும்பிய பிறகு அண்ணன் இரண்டு நாள் சாப்பிட மாட்டான். அப்பா அந்த இரண்டு நாளும் யாரோடும் பேச மாட்டார். நான் சமூகப்பணி படித்தவள். ஒருவரின் சம்மதமின்றி அவர் உடலைக் கையாள்வது பற்றி வகுப்பறையில் மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறேன். ஆனால் வீட்டில், அவர்கள் திரும்பி வரும் நேரத்துக்கு வெந்நீர் போட்டு வைத்ததைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை.

இந்த ஆண்டு அப்பாவுக்குக் குடலிறக்கம் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த டாக்டர், இனி பாரம் தூக்கக் கூடாது, வயிற்றை முக்கி எதையும் இழுத்துப் பிடிக்கக் கூடாது என்றார். "அதிகமா எதத் தூக்குவீங்க?" என்று கேட்டார். "கெழங்கு மூட்டைங்க" என்றார் அப்பா. மகனைப் பற்றி அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. திரும்பி வரும் பேருந்தில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா பிடிக்க முடியாதென்றால், அவனைப் பிடிக்க அந்நியர் ஒருவர் கூடுதலாக வேண்டும். அல்லது யாருமே பிடிக்காமல் அது நடந்தாக வேண்டும். அன்று மாலையே மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

ஒரு மாதம் பழக்கினேன். கறுப்புத் துணியின் ஒட்டும் பட்டையைப் பிரித்தபோது எழுந்த கிழிசல் சத்தத்தில் அண்ணன் மரவள்ளிக் காட்டுக்குள் ஓடிவிட்டான். அதற்குப் பதிலாக அம்மாவின் பழைய வாயில் சேலையும் துணிக்குப் போடும் கிளிப்பும் போதுமென்றாயின. தெளிக்கும் பாட்டிலைப் பார்த்தாலே முகத்தைப் பொத்திக்கொண்டான். பிரஷ்ஷை மட்டும் உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளப் பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்தது சீப்பை மெஷினில் மாட்டும்போது வரும் ஒலி. "டிக்" என்பான். கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். "டிக்." ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை மாட்டினேன்.

ஆனால் மெஷினை ஓடவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். போதாக்குறைக்கு, வீட்டுக்குள் ஒரு முடிகூட விழக் கூடாது, செவ்வாய் வெள்ளி கூடாது, அமாவாசை கூடாது என்று அம்மாவின் சட்டங்கள் வேறு. தீர்வு தற்செயலாகக் கிடைத்தது. கிணற்று மோட்டார் ஓடினால் அண்ணன் அதன் அருகில் போய் உட்கார்ந்துகொள்வான்; அந்த இரைச்சல் அவனுக்கு ஆறுதல். ஒருநாள் அவனுக்குப் பின்னால் நின்று மெஷினுக்கு எண்ணெய் விட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். அவன் திரும்பவே இல்லை. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை விழுங்கிவிட்டிருந்தது. ஆக, மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் வரும் நேரமும் அம்மா அனுமதிக்கும் கிழமையும் ஒன்றுசேரும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

அப்படி ஒரு புதன்கிழமை வந்தது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். துணைக்கு அம்மா தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் இருவரும் வீடு திரும்புவதாக ஏற்பாடு. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. மோட்டாருக்கு அருகில் தக்காளிக் கிரேடைக் கவிழ்த்து அதில் அண்ணனை உட்கார வைத்து, சேலையைச் சுற்றி, மூன்றாம் எண் சீப்பை மாட்டினேன். தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான். பிடரி முடிந்தது, பக்கங்கள் முடிந்தன. நடுவில் நான்கைந்து முறை "டிக்" கேட்டான், மாட்டிக் காட்டினேன். முன்நெற்றிக்கு வந்தபோது மின்சாரம் போயிற்று.

மோட்டார் நின்றதும் அண்ணன் தலையைத் திருப்பினான். ஒரு மாதமாகக் கழற்றி மாட்டியதில் தளர்ந்திருந்த சீப்பு நழுவி விழுந்தது. நெற்றியிலிருந்து உச்சிவரை வெறும் தோலாக ஒரு பட்டை போய்விட்டது.

என் கையில் மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இப்போது எழுந்து ஓடுவான், ஓடினால் இனி எப்போதும் உட்கார மாட்டான், மறுபடியும் மூன்று பேர் கைகள்தான் என்று நினைத்தேன். அவன் ஓடவில்லை. என் மணிக்கட்டைத் தொட்டு, அந்த அதிர்வைச் சற்று நேரம் விரலால் பார்த்தான். பிறகு, "மோட்டாரு" என்றான்.

"ஆமாண்ணா. சின்ன மோட்டாரு" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பட்டையோடு விட முடியாது. மீதியையும் சீப்பில்லாமல் மழித்து முடித்தேன். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. அந்தக் களிப்பில், ஓர் ஆண்மகன் திடீரென மொட்டையோடு நின்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்பதை மறந்துபோனேன். கோயில் வேண்டுதலாக இருந்தால் ஊருக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கும். இல்லையென்றால், அப்பன் இறந்துவிட்டான் என்று பொருள்.

பக்கத்துக் காட்டுப் பெரியம்மா வரப்பில் வந்தவர் அப்படியே நின்றார். மாரில் கை வைத்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு... எப்பம்மா?"

"இப்பத்தான் பெரியம்மா. கரண்டு போயிடுச்சி, அதான் இப்பிடி ஆயிடுச்சி."

"கரண்டு போயா? அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரில ஒரு ஜெனரேட்டரு இல்லியா, பாவிங்களா!"

நான் விளங்கிக்கொள்வதற்குள் அவர் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். பின்னாலேயே ஓடலாம் என்றால் அண்ணனைத் தனியே விட முடியாது. அவனைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் வாசலில் பத்துப் பேர். பாப்பாரப்பட்டிச் சித்தப்பா டிவிஎஸ்ஸில் ஆளுயர ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். நான் சொல்லச் சொல்ல யாரும் நம்பவில்லை. "புள்ளைக்குப் புத்தி தடுமாறிடுச்சி" என்று பெரியம்மா அழுதார். வேறு வழியில்லாமல் அம்மாவின் செல்லுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எடுத்தது அப்பா.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இட்லி தின்னுக்கிட்டு இருக்கறன். ஏம் பாப்பா?"

"அண்ணனுக்கு மொட்டை அடிச்சதப் பாத்துட்டு, இங்க சித்தப்பா மாலையோட வந்து நிக்கறாருப்பா."

"வாங்குனதுதான் வாங்குனான், நல்ல பூவாப் பாத்து வாங்குனானான்னு கேளு" என்றவர், சிரிக்கத் தொடங்கி, "அய்யோ, தையலு இழுக்குது" என்று நிறுத்தினார். வாசலில் இருந்தவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பா மட்டும் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். நான் போனை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

"அவனுக்கு யாரு மொட்டை அடிச்சது?" என்றார் அப்பா.

"நாந்தாம்ப்பா."

"யாரு புடிச்சிக்கிட்டாங்க?"

"யாரும் புடிக்கலப்பா. அவனே ஒக்காந்தான்."

போன் கை மாறியது. அம்மாவின் குரல் கேட்டது. "என்னடி சொன்ன? இந்த மனுசன் போர்வைய இழுத்துக்கிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஆமா, இன்னிக்குப் புதன்கெழமதான?"

அப்பாவை மகிழ்விப்பேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் இருபது ஆண்டுகள் அவர் பிடித்த பிடி தேவையில்லாமலே இருந்திருக்கலாம் என்பதைத்தான், ஒரே வாக்கியத்தில், படுத்திருந்த மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். நன்மை செய்வதற்கு முன் விளைவுகளை எண்ணிப் பார்க்கக் கற்றவள், இதை எண்ணவில்லை.

இரண்டு மாதமாயிற்று. முடி வளர்ந்துவிட்டது. மூன்றாம் எண் சீப்பு மட்டும் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. தளர்ந்த பழையதையே ரப்பர் பேண்டைச் சுற்றி இறுக்கியிருக்கிறேன். இனி ஒவ்வொரு இரண்டு மாதமும் இதே கிரேடு, இதே சேலை, இதே காத்திருப்பு. எனக்கு ஐம்பது வயதானாலும், அறுபதானாலும். கை இப்போதே வலிக்கிறது.

இன்று வியாழன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் வந்து அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் மெஷினை ஓடவிட்டதும், அவர் கைகள் தாமாக நீண்டு அண்ணனின் கணுக்கால்களைப் பற்றின. அண்ணன் தண்ணீரிலிருந்து பார்வையை எடுத்து அவரைப் பார்த்தான்.

"வுடுங்கப்பா" என்றேன்.

விட்டார். விட்ட கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டார். மின்சாரம் போக இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நான் பிடரியிலிருந்து தொடங்கினேன்.