இரண்டு ஊர், மூன்று அறை

நாங்கள் நான்கு பேரும் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். அப்போது பேசிவைத்த ஐரோப்பாப் பயணம் இது: பிராக், அங்கிருந்து பஸ்ஸில் வியன்னா. இரண்டு ஊர் என்றால் செலவு கட்டுப்படியாகும். திட்டம் போடுவது எப்போதும் என் வேலை. நான் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு ஊரிலும் நான்கு கட்டில் போட்ட ஹாஸ்டல் அறையைப் பார்த்துவைத்திருந்தேன்.

அதற்குள் மற்ற மூவருக்கும் கல்யாணமாகி, ஆளுக்கொரு பக்கம் குடிபோனார்கள். நான் அதே வீட்டில் இருக்கிறேன். அவர்கள் கட்டில்களில் என் துணிகள் கிடக்கின்றன.

போன மாதம் ஒருவன் போன் செய்தான். “மச்சான், மூணு பேர் வைஃபும் வர்றாங்கடா. ஹாஸ்டல் சரிப்படாது, டபுள் ரூமா மாத்திடு.”

ஒரு சனிக்கிழமை காலை முழுக்கத் தேடினேன். டிராம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, காலைச் சாப்பாட்டோடு, இரண்டு ஊரிலும் மும்மூன்று அறைகள் கிடைத்தன. பெருமையாகத்தான் இருந்தது. விசாவுக்காக அறைவாரியாகப் பெயர்களை நிரப்பியபோது என் பெயர் மிஞ்சியது. ஜோடி ஜோடியாகத் தேடிய மும்முரத்தில் எனக்கு அறை போட மறந்திருந்தேன்.

நானாகச் சொல்லக் கூடாது என்று ஒரு வீம்பு. யாராவது கேட்கட்டும் என்று பட்டியலை அப்படியே எங்கள் குரூப்பில் அனுப்பினேன். மூவரும் லைக் போட்டார்கள்.

மதியம் ஒருவன் கேட்டான்: “பிளக் அடாப்டர் எத்தனை வாங்கணும்டா? ரூமுக்கு ஒண்ணு போதும்ல?”

இன்னொருவன் பதில் போட்டான்: “அப்ப மூணு வாங்கு.”