வேலியோரம் முரன்ற பூக்கள்

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் உன்னிச்சையில் எங்கள் வளவின் வேலியோரம் காலையிலேயே முரலத் தொடங்கிவிடும். ஆவாரம்பூவைக் கட்டிப்பிடித்து உடலையே அதிரவைக்கும் கருவண்டுகளின் அந்தச் சத்தம் பாய்வரை வந்த பிறகுதான் நான் எழும்புவேன். புல்லெல்லாம் கருகிய கோடையில் மஞ்சளாக ஆவாரையும் வெள்ளையாகத் தும்பையும் தளராமல் பூத்து நிற்கும். பூசணிக் கொடிக்கு வண்டும் தேனீயும் வரவேண்டும் என்று அவற்றை வேண்டுமென்றே வளர்த்த அம்மா, அரிசி கழுவிய தண்ணீரை அவற்றுக்குத்தான் ஊற்றுவார்.

"என்னகா, களைக்கும் தண்ணி ஊத்துறாய்? நாளைக்கு வேலிக்குச் சோறும் போடுவாய் போல," என்பார் பக்கத்து வளவு மாமி.

"போட்டா அதுவும் காய்க்கும், பாத்துக்கிட்டிரு," என்பார் அம்மா, தலை நிமிராமலே.

ஒரு வைகாசியில், கண்ணகி அம்மன் சடங்குக்காக ஊரே "வழி துப்பரவு" செய்தது. அம்மன் வரும் ஒழுங்கைப் பாதையில் பற்றை கிடக்கக்கூடாதென்று அப்பா பக்தி மேலிட எங்கள் வேலியோரச் செடிகள் எல்லாவற்றையும் அடியோடு வெட்டிவிட்டார். அம்மன் அழகாகத்தான் வந்து போனாள். பூசணிப் பிஞ்சுகள்தான் ஒவ்வொன்றாக மஞ்சளித்து விழுந்தன. அம்மா விடியற்காலையில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்து அப்பாவின் கையில் கொடுத்தார். "வண்டு செய்யிற வேலைய இனி நீங்க செய்யுங்க." கோடை முழுவதும் அப்பா குனிந்து குனிந்து பெண்பூக்களில் தடவியும் காய்த்தது கொஞ்சம்தான். அடுத்த மழைக்குத் தும்பை விதை தேடிக் கொண்டுவந்து தூவியவர் அவரேதான்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த என் மகள், வாவிக்கரையில் இருக்கும் எங்கள் வீட்டில் இப்போது அதே செடிகளை வளர்க்கிறாள். போன மாதம் அவளைக் குளவி கொட்டியது. முகம் வீங்கி மூச்சு இழுக்க, ஓட்டோவில் அவளை மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவள் வீடு திரும்பிய மறுநாளே கத்தியோடு வேலியடிக்குப் போனேன்.

"கொட்டினது கூரைக் குளவிம்மா. அதுட கூட்டைக் கலைச்சாச்சே. பூவுக்கு வாற வண்டு என்ன செஞ்சது?" என்றாள். ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

கத்தியை வைத்துவிட்டேன். அவள் நடமாடும் வாசலடித் தும்பையை மட்டும் மண்ணோடு கிளப்பிப் பின்வேலியில் நட்டோம்.

உன்னிச்சை ஒழுங்கை இன்று கொங்கிறீற் பாதை. தும்பை முளைக்க ஓரத்தில் மண் இல்லை, அந்த முரலலும் இல்லை. இங்கே அது காலையில் கேட்கிறது. கேட்டதும் இனியும் கொட்டினால் உடனே போட டொக்டர் தந்த மருந்து அவளுடைய பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் போகிறேன்.