இருபதாவது ரூபாய்

எழுபதுகளில் பாளையம்பட்டிக்குத் தவணையில் சேலை விற்க ஒருவர் செவ்வாய்தோறும் சைக்கிளில் வருவார். ஒல்லியான ஆள், காதில் சிவப்புப் பென்சில் செருகியிருப்பார். வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்து, வாரம் ஒரு ரூபாய் வாங்கி அதில் கோடு போடுவார். இருபது ரூபாய்ச் சேலைக்குக் கடைசி ரூபாயை மட்டும் வாங்கவே மாட்டார். அடுத்த சேலையைப் பிரித்துக் காட்டுவார்.

"இதையும் வாங்கிக்கிட்டுக் கணக்க முடிங்கண்ணே," என்று அம்மா ஒருநாள் சண்டையே போட்டார்.

"முடிச்சுட்டா அப்புறம் எந்த உரிமையில இந்த வாசல்ல வந்து நிப்பேன் தாயி?"

கெட்டிக்கார வியாபாரி என்றுதான் நான் நினைத்தேன். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அவர் வரவேயில்லை. வேறொரு சேலைக்காரர் புது அட்டையோடு வந்தார். அம்மா அவரை மூட்டையை இறக்கவே விடவில்லை.

"அவுக அட்டை இன்னும் முடியலயேப்பா," என்றார்.