மொட்டைத் தலையும் மாலைக் கொக்கியும்

நிட்டிங் மெஷின்கள் வெளிநாட்டிலிருந்து பைன் மரப் பெட்டிகளில் வந்து இறங்கும். மெஷின், பனியன் கம்பெனிக்குள் போய்விடும். பெட்டி பழைய சாமான் கடைக்குப் போகும், அங்கிருந்து என்னிடம் வரும். திருப்பூரில் பல்லடம் ரோட்டில் என் கடை. பெட்டி உடைப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. கடப்பாறையை இடுக்கில் விட்டு நெம்பினால் பலகை அலறிக்கொண்டு பிளக்கும். மூக்கு நுனியில் கோபம் உள்ள ஆளுக்கு ஏற்ற தொழில் என்பாள் என் மனைவி. பிளந்த பலகையை இழைத்து, சட்டம் அறுத்து, மூலைகளில் பூச் செதுக்கிப் படங்களுக்கு மாட்டுவேன்.

ஒரு நாள் குண்டடத்துப் பக்கமிருந்து ஒருவர் புதிதாய் மொட்டையடித்த தலையோடு வந்தார். கையில் ஒரு பெரியவரின் படம்.

"எங்கய்யனுதுங்க. நல்லாப் பெருசா, பூ வேலையெல்லாம் வெச்சுப் பண்ணிக் குடுங்க. ஊட்டுல மாட்டோணும்."

தகப்பன் படம், மகன் தலையில் மொட்டை. இதற்குமேல் என்ன கேட்பது? எப்போது போனார் என்று கேட்டு நோகடிப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து நான்கு மூலையிலும் தாமரை செதுக்கினேன். மேலே மாலை போட இரண்டு கொக்கி, கீழே சிவப்பு சீரோ வாட் பல்பு. பல்புக்கு அடியில் 'தோற்றம்', 'மறைவு' என்று எழுதித் தேதிக்கு இடம் விட்டேன். இறந்தவர் படம் என்றால் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

படத்தை வாங்க அந்தப் பெரியவரே வந்தார். மகன் அவரை வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். பெரியவர் படத்தையே பார்த்தார். 'மறைவு' என்ற இடத்தில் விரலை வைத்தார். அடுத்த நொடி கைத்தடியால் ஓங்கி ஒரு போடு போட்டார். கண்ணாடி சிதறியது. ஒரு தாமரை பிய்ந்து பறந்தது.

"நெஞ்சப் பொளந்து ஆப்பரேசன் பண்ணிப் பொழைச்சு வந்திருக்கறன்டா! அந்த வேண்டுதலுக்குத்தான் எம்மவன் பழனியில மொட்டை போட்டான். நீ என்னைய உசுரோட கொன்னு போட்டயேடா!"

அடுத்த அடி என் காதில் விழுந்தது. ரத்தம் கழுத்தில் இறங்கியது. தப்பு என்னுடையது, அவர் காலில் விழுந்திருக்கலாம். ஆனால் கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. மறுபடி தடியை ஓங்கினார். இரண்டு கையையும் அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். ஆப்பரேஷன் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டிருந்தது. கேட்ட பிறகுதான் தள்ளினேன்.

பலகை அடுக்கின்மேல் மல்லாந்து விழுந்தார். வாய் திறந்து திறந்து மூடியது, பேச்சு வரவில்லை. உதடு நீலம் பாரித்தது.

மகன் ஓடி வந்தார். "ஐயா! என்னாச்சுங்க?"

"தல சுத்திப் படத்து மேல உழுந்துட்டாருங்க. புடிக்கப் போனன், எனக்கும் கண்ணாடி கிழிச்சுப் போடுச்சு" என்றேன்.

மகன் கார் ஓட்ட, பெரியவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி நெடுக அவர் கண் என்மேலேயே இருந்தது. அவர் பிழைக்க வேண்டும் என்று முருகனை வேண்டினேன். பிழைத்தாலும் பேசக் கூடாது என்றும் வேண்டினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவரை உள்ளே கொண்டுபோனதும் நழுவி வந்துவிட்டேன். இருக்கிறாரா இல்லையா என்று விசாரிக்கக்கூடத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மகன் கடைக்குள் நுழைந்தார். ஆணி பிடுங்காத பெட்டிப் பலகை ஒன்றைக் கையில் எடுத்தார்.

"எங்கய்யன நெஞ்சுல கை வெச்சா தள்ளுன?"

முதல் அடியிலேயே ஆணி தோளைக் கிழித்தது. நான் தள்ளியதைப் பார்த்தவர் யாருமில்லை. அப்படியானால் பெரியவர் பேசியிருக்கிறார், உயிரோடு இருக்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அடிங்க சாமி, அடிங்க" என்றேன்.