ரொம்மனில் பறித்த கீரை

ஒஸ்லோவின் ரொம்மனில், என் தங்கை வாணியின் சமையலறையில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு வஞ்சிரு கென்யாப் பெண்மணி. கீரையில் பாலூற்றிக் கிளறி எல்லோருக்கும் பரிமாறுகிறார். குடியிருப்புக்குப் பின்னால், மண் கொத்திப் போட்ட இடத்தில் நாங்கள் பறித்து வந்த கீரை. பறிக்கும் முன் அவர் அதை 'மனகு' என்றார். நான் காய்க்குலையைப் பார்த்துவிட்டு, "எங்கட மணத்தக்காளிதான்" என்றேன்.

பாதிச் சாப்பாட்டில் வாணி அந்தச் செடியைக் கைபேசியில் தேடுகிறாள். முகம் மாறுகிறது.

"அக்கா, இஞ்சை இதை நஞ்செண்டு போட்டிருக்கு."

நான் வாயருகே கொண்டுபோன கையை இறக்குகிறேன். "வஞ்சிருவிட்டைக் கேள். ஊரில பறிச்சுச் சமைச்சவதானே?"

வாணி நோர்வேஜிய மொழியில் கேட்கிறாள். வஞ்சிரு கரண்டியை வைத்துவிட்டு, என்னையே பார்த்தபடி மெல்லப் பதில் சொல்கிறார்.

"ஊரில சந்தையில கட்டா வாங்கினவவாம். செடியை இண்டைக்குத்தான் பாக்கிறாவாம். நீங்கள் தெரியுமெண்டு சொன்னபடியாத்தான் பறிச்சவவாம்."

நானும் மட்டக்களப்புச் சந்தையில் வாங்கியவள்தான். நாக்கில் கசப்பு நிற்கிறது. மணத்தக்காளியும் கசக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து வாணியின் சின்ன மகள், வழித்துத் தின்ற தட்டை நீட்டுகிறாள்.

"பெரியம்மா, இன்னும் கொஞ்சம்."