ஓடும்போதே கையாட்டச் சொன்ன விதி

அவளைக் குட்டை என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. 'மெத்தை அக்கா' என்றார்கள். அர்த்தம் ஒன்றுதான், இரண்டு மெத்தை அடுக்கி உட்கார்ந்தால்தான் விமானத்தின் முன்கண்ணாடி வழியாக அவளுக்கு வெளியே தெரியும். கால் மணி நேரச் சவாரிக்கு வருபவர்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. அந்த வேலையிலேயே முடி நரைக்கத் தொடங்கியிருந்தது.

விமானம் பழையது. மூன்றாவது சக்கரம் மூக்கின் கீழ் இல்லாமல் வாலின் கீழ் இருக்கும் ரகம். தரையைத் தொட்ட பிறகுதான் அதற்குப் பேய் பிடிக்கும். கனமெல்லாம் பின்பக்கம், கொஞ்சம் அசந்தால் வால் மூக்கை முந்தப் பார்க்கும். நின்று தொலையும்வரை இரண்டு காலும், திசையைப் பிடித்து நிறுத்தும் மிதியை விட்டு எழக் கூடாது.

முதலாளிக்கு இது தெரியாததல்ல. தெரிந்தேதான் அந்த விதியைப் போட்டார். தரையில் ஓடிவரும்போதே ஜன்னலைத் திறந்து, வேலியோரம் காத்திருப்பவர்களுக்குக் கையாட்ட வேண்டும். அப்போதுதான் கூட்டம் குஷியாகி டிக்கெட் வாங்குமாம்.

"நின்ன பிறகு ஆட்டுறேனே, சார்."

"நின்ன பிறகு எவன் பாப்பான்? மீசை ஆட்டுறான்ல?"

மீசை இன்னொரு விமானி. ஆறடி ஆள். சும்மா உட்கார்ந்தாலே அவன் முழங்கை ஜன்னலுக்கு வெளியே கிடக்கும். அவளோ எம்பினால்தான் ஜன்னல் எட்டும்; எம்பினால் வலது கால் மிதியை விட்டு எழும்பிவிடும். இதைச் சொன்னபோது ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று இடப்பக்கமிருந்து காற்று. பின் இருக்கையில் ஒரு புதுமணத் தம்பதி. பூப்போல இறக்கிவிட்டாள். வேலியோரம் நின்ற முதலாளி, மறந்துவிடாதே என்பதுபோல் தன் கையைத் தூக்கி ஆட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எம்பினாள். அவ்வளவுதான். மூக்கு இடப்பக்கம் திரும்பியது. காலை வைத்து அமுக்குவதற்குள் வால் சுழன்று முன்னால் வந்துவிட்டது. வலது சக்கரத்தின் கால் மடங்கி, இறக்கை மண்ணைச் சீவிக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் காயமில்லை.

தம்பதி இறங்குவதற்குள் முதலாளி கூட்டத்தைப் பார்த்து, வாய் கூசாமல் சொன்னார்: "பொம்பளை ஓட்டினா இதான்."

அவள் கணவர் பஸ் டிரைவர். சாயங்காலம் கேட்டுவிட்டுக் கொதித்தார். "ஸ்டியரிங்கை விட்டுட்டு ஸ்டாப்பிங்கில நிக்கிறவங்களுக்கு டாட்டா காட்டுன்னு எங்க மேனேஜர் சொல்லட்டும், நான் அவரையே சீட்ல உக்கார வைக்கிறேன்."

விசாரணைக்கு அதிகாரி வந்தார். அவர் அறைக்குள் போகும் முன் முதலாளி அவளை ஓரங்கட்டினார்.

"திடீர்க் காத்துன்னு சொல்லிடும்மா. ஓட்டுற சீட் உனக்குத்தான், நான் பாத்துக்கறேன்."

அந்த இருக்கை அவளுக்கு உயிர். ஆனாலும் உள்ளே போய் அவள் சொன்னது இதுதான்: "காத்து எப்பவும் அடிக்கிற காத்துதான், சார். என் கால் மிதியை விட்டுச்சு. கையாட்டினதால விட்டுச்சு. ஆட்டச் சொன்னவரு வெளியே நிக்கிறாரு."

விமானம் பழுது நீங்கி வந்தது. கையாட்டும் விதி சத்தமில்லாமல் காணாமல் போனது. அவள் இருக்கை மீசைக்குப் போனது.

"விதியை எடுத்துட்டாங்கல்ல, நீ ஜெயிச்சுட்டேக்கா," என்றான் மீசை, அவள் கண்ணைப் பார்க்காமல்.

"தப்பு என் மேல இல்லைன்னுதானே எடுத்தாங்க? அப்புறம் நான் ஏன்டா வெளியே நிக்கிறேன்?"

அவன் விமானத்தைப் பார்த்து நடந்தான்.

மறுநாள் காலை அவள் சீருடை போட்டுக்கொண்டு வந்தாள். முதலாளி அறைக்கு நேரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேலை இல்லைன்னு சொன்னேனேம்மா?"

"ஏன் இல்லைன்னு சொல்லலையே, சார். இந்த ஜனங்க முன்னாடி சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

டிக்கெட்டுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டாள்.