மூணு நிமிஷம் ஆச்சுங்க

ஹெட்ஃபோனின் இரும்புப் பட்டை தலையை அழுத்திய வலி... கழற்றி வைத்த பிறகும் ஒரு மணி நேரம் விண்விண்ணென்று தெறிக்கும். காலையில் வைத்துக்கொண்டு போன மல்லிகைப்பூ அந்தப் பட்டைக்கு அடியில் நசுங்கி, மதியத்துக்குள் வாடிய வாசனை அடிக்கும். விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது.

செல்போனோடு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அப்போது நீங்களாக நம்பர் போட முடியாது. வீட்டில் ஃபோன் கைப்பிடியைச் சுற்றினால், எங்கள் போர்டில் அந்த வீட்டு நம்பருக்கான சின்னத் தகடு விழும். ஒயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். அதற்கு மேல் பேசுவது குற்றம். வெளியூர் கால் என்றால் மட்டும் இன்னொரு வசனம் உண்டு... "மூணு நிமிஷம் ஆச்சுங்க. எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?"

தூக்கத்தில்கூட அதைச் சொல்கிறேன் என்று வீட்டில் என்னைக் கிண்டல் பண்ணுவார்கள்.

ஒரு நாள் மத்தியானம் நாற்பத்தேழின் தகடு விழுந்தது. மல்லாட்டை மண்டிக்காரர் வீடு, வேர்க்கடலை மொத்த வியாபாரம். வழக்கம்போல நம்பர் கேட்டேன்.

"நம்பர் எதுவும் வேணாங்க. யாராச்சும் பேசுனா போதும்."

சின்ன வயசுப் பெண்ணின் குரல். விளையாடுகிறாளோ என்று கோபம்கூட வந்தது. அடுத்ததாக அவள் சொன்னதைக் கேட்டதும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

"உசுரோட இருக்க வேணாம்னு தோணுதுங்க."

எனக்கு என்ன தெரியும்? "சாப்டீங்களா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது! ஆனால் அவள் அழ ஆரம்பித்தாள். அழுகையின் நடுவே ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெயர் காமாட்சி. மூன்று மாதத்துக்கு முன்னால் குழந்தை பிறந்து, அன்றைக்கே இறந்துவிட்டது. அதிலிருந்து வீட்டில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்று எல்லோரும் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போயிருந்தார்கள், அவளை மட்டும் விட்டுவிட்டு.

பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம், ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று கெஞ்சினாள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றேன். திண்டிவனத்தில் அக்கா, பெயர் சரோஜா. அந்த வீட்டில் ஃபோன் இல்லை.

அதற்கு அப்போது ஒரு வழி இருந்தது. பி.பி. கால். பெயரும் தெருவும் சொன்னால், அந்த ஊர் போஸ்ட் ஆபீஸிலிருந்து ஆள் போய்க் கூட்டிக்கொண்டு வந்து பேச வைப்பார்கள். பக்கத்து ஸீட் விக்டோரியா அக்கா, நான் பேசியதைக் கேட்டே புரிந்துகொண்டு திண்டிவனத்துக்கு பி.பி. கால் போட்டுவிட்டார். என் பக்கம் விழுந்த தகடுகளையும் எட்டி எட்டி அவரே கவனித்தார்.

நான் பேசிக்கொண்டிருந்தேன். குழந்தையின் முகம் யார் மாதிரி இருந்தது என்று அவள் சொல்லத் தொடங்கினாள்...

என் கண் பாட்டுக்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. வாய் பாட்டுக்குச் சொன்னது.

"மூணு நிமிஷம் ஆச்சுங்க."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. "சரிங்க" என்றாள். ரிசீவரை வைத்துவிட்டாள்.

பாவி நான்...

ரிங் அடித்தேன். எடுக்கவில்லை. நாங்களாக ஒரு வீட்டுக்கு அடிக்கக் கூடாது, அதுவும் ரூல். சூப்பர்வைசர் வந்து பின்னால் நின்றார். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"மெமோ நாளைக்கு எழுதிக்கிறேன். நீ அடிம்மா" என்றார்.

அடித்தேன். எத்தனை முறை என்று தெரியாது. கடைசியில் எடுத்தாள்.

"டைம் ஆயிடுச்சின்னு சொன்னீங்களே... அதான் வச்சிட்டேன்."

"அது வாய்ப் பழக்கம்மா. உனக்கு டைமே கிடையாது. பாப்பா யாரு மாதிரி இருந்திச்சு, சொல்லு."

அப்பா மாதிரியாம். மூக்கு மட்டும் பெரியம்மா மாதிரி.

அந்தப் பெரியம்மாவே லைனுக்கு வந்தபோது ஓடி வந்த மூச்சிரைப்பு கேட்டது. "பஸ் ஏறி ஜல்தியா வந்துர்றேன் காமு. அதுவரைக்கும் இந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கினு இரு" என்றார். பேசிக்கொண்டே இருந்தோம். கேப்பை அடைக்கு முருங்கைக்கீரையை வதக்கிப் போடுவதா, பச்சையாகப் போடுவதா என்று சண்டைகூடப் போட்டோம். ஒன்றரை மணி நேரம் கழித்து லைனில் கதவு தட்டும் சத்தம். பிறகு அக்காவின் குரல்.

"வந்துட்டேன். நீ வச்சிரும்மா."

சூப்பர்வைசர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் மெமோ வந்தது.

எங்கள் மாடி வீட்டுப் பெண் இப்போது ஒரு ஹெல்ப்லைனில் இருக்கிறாள். மனசு உடைந்து கூப்பிடுகிறவர்களோடு பேசுவதுதான் வேலையே. அதற்கு முறையாகப் பயிற்சி, கேட்டுக் கேட்டுத் தனக்குப் பாரமாகிவிட்டால் தன்னைக் கவனிக்க ஒரு மேடம்... "அவங்களா வைக்கிற வரைக்கும் நாங்க வைக்க மாட்டோம் ஆன்ட்டி" என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஒரு பாடத்தை நான் எவ்வளவு பயந்து கற்றுக்கொண்டேன்!

அவளிடம் சொன்ன மீதிக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சில மாதம் கழித்து நாற்பத்தேழு விழுந்தது. திண்டிவனத்துக்கு பி.பி. கால், அக்காவுக்கு. அதே குரல். இணைத்துக் கொடுத்தேன். மூன்று நிமிடம் ஆனது. ரூல் ரூல்தான். அந்த வசனத்தை மெதுவாகச் சொன்னேன்.

எனக்கு உயிரே இல்லை.

பிறகு அவள் சிரித்தாள். "எக்ஸ்டெண்ட் பண்ணுங்க. எனக்குப் பேச வேண்டியது இன்னும் நெறைய கெடக்குது."